பன்றிக் குழியில் காண்டாமிருகம்: தெற்கு டகோடாவில் நாலு நாள்

நாள் 1: மினியாபோலிஸிலிருந்து வால் வரை

எல்லாம் ஒரு படத்தில் ஆரம்பித்தது. மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் ஒரு மிருகம். மெலிந்த கால்கள், நீண்ட கழுத்து, கொம்பு கிடையாது. கீழே "ஓடும் காண்டாமிருகம்" என்று போட்டிருந்தது. பெயர் ஹைரகோடான். மகள் அதை அப்பாவிடம் காட்டினாள். அப்பா காங்கேயம், தாராபுரம் பக்கம் 34 வருஷம் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது காண்டாமிருகம் இல்ல கண்ணு. கழுதை."

"இல்ல தாத்தா, போட்டிருக்கு பாருங்க."

"போட்டவன் கழுதையப் பாத்திருக்க மாட்டான்."

இரண்டு வாரம் இந்த வழக்கு ஓடியது. அப்பா அமெரிக்கா வந்து இரண்டு மாதம். இதுவரை பார்த்தது இரண்டு மால், ஒரு கோயில், ஒரு ஏரி. அந்த மிருகத்தின் எலும்பு கிடைக்கும் இடத்துக்கே போய்த் தீர்ப்பு வாங்கிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா, தெற்கு டகோடா. வீட்டுக்காரருக்கு இந்த வாரம் ஆன்-கால் வேலை, வர முடியவில்லை. காலை ஐந்தரைக்கு மூன்று பேரும் கிளம்பினோம். பின் சீட்டில் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பாவின் ஃப்ளாஸ்க்.

சுமார் 530 மைல். பாதிக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சோளம், சோயா, மறுபடி சோளம். சேம்பர்லினில் மிசௌரி ஆற்றைத் தாண்டியதும் சட்டென்று மாறுகிறது. உழுத நிலம் குறைந்து புல்லும் மேடுமாக விரிகிறது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது மேய்ச்சல் காடு" என்றார். கறுப்பு மாடுகள் தூரத்தில் புள்ளிபுள்ளியாக நின்றன.

மர்டோ தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அதிலிருந்து சாலையோரமெல்லாம் ஒரே கடையின் விளம்பரப் பலகைகள்: ஐஸ் தண்ணீர் இலவசம், காப்பி 5 சென்ட். வால் ட்ரக் என்கிற கடை. 1931-ல் ஒரு மருந்துக்கடையாக ஆரம்பித்து, யாரும் வராமல் தவித்து, வழிப்போக்கர்களுக்கு ஐஸ் தண்ணீர் சும்மா தருகிறோம் என்று பலகை வைத்ததில் பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு அந்தக் கடைதான் ஊர்.

"ஊர்ப் பேரே வாலா?" என்றார் அப்பா. சுவர் என்று அர்த்தம் என்றேன். "அப்ப சுவர்னு சொல்லு. வாலுன்னா மாட்டுக்குப் பின்னாடி இருக்கறது."

விடுதி அறையில் ஏசி ஓடுகிறது, குளிரவில்லை. காப்பி நிஜமாகவே 5 சென்ட்தான். ஆனால் அதைக் காப்பி என்று அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

நாள் 2: பேட்லாண்ட்ஸ், பல்

பூங்கா நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். புல்வெளியில் போய்க்கொண்டே இருக்கிறோம், திடீரென்று தரை தீர்ந்துபோகிறது. கீழே சாம்பலும் இளஞ்சிவப்பும் வரிவரியாகப் போட்ட குன்றுகள். மலை மேலே ஏறி நிற்கும் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே மேட்டுநிலத்தைத் தண்ணீர் கீழே அரித்துக்கொண்டு போனதில் மிச்சம் நிற்பதுதான் மலை. இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் இதை 'மாக்கோ சீக்கா', கெட்ட நிலம், என்றார்கள். தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களும் கடக்க முடியாத கெட்ட நிலம் என்றே சொன்னார்கள்.

வருஷத்துக்கு ஓர் அங்குலம் கரைகிறதாம். நிலவியல் கணக்கில் அது ஓட்டப்பந்தய வேகம். அரிப்பு தொடங்கி 5 லட்சம் வருஷம் ஆகிறது, இன்னும் 5 லட்சம் வருஷத்தில் இந்தக் குன்றுகளே இருக்காது. அந்த ஓர் அங்குலம்தான் எலும்புகளையும் வெளியே கொண்டுவருகிறது. ஒவ்வொரு மழைக்கும் ஏதோ ஒன்று தலை நீட்டுகிறது, யாரும் பார்க்காவிட்டால் அடுத்தடுத்த மழையில் தூளாகிப் போகிறது.

வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் கறுப்பு, ஒரு காலத்தில் இங்கே இருந்த கடலின் அடிச் சேறு. அதற்கு மேல் வட்டமான சாம்பல் மேடுகள், சாட்ரன் அடுக்கு. சுமார் 3 கோடியே 70 லட்சம் முதல் 3 கோடியே 40 லட்சம் வருஷத்துக்கு முன்பு வரை. அப்போது இங்கே சூடு, ஈரம், காடு. அதற்கும் மேலே கூர்கூராக, சிவப்பு வரியோடு நிற்பது ப்ரூல் அடுக்கு. உலகம் குளிர்ந்து, மழை குறைந்து, காடு விலகித் திறந்த வெளியான காலம். யானை அளவு இருந்த ப்ரான்டோதீர்கள் சாட்ரனோடு முடிந்துபோயின. ஹைரகோடான் ப்ரூலுக்குள்ளும் ஓடியது. மறைந்து நிற்கக் காடு இல்லாத இடத்தில் ஓடத் தெரிந்தது பிழைத்தது என்று நான் விளக்கினேன். அப்பா, "ஓடறதுக்குத்தான் கழுதைங்கறேன்" என்றார்.

டோர் ட்ரெய்ல் பாதையில் மகள் கத்தினாள். மண்ணில் வெள்ளையாக, வழவழப்பாக, விரல் நீளத்துக்கு ஒன்று. "அம்மா, பல்லு!" எனக்கும் பல் போலத்தான் தெரிந்தது. பூங்காவில் எதையும் எடுக்கக்கூடாது. இருக்கிற இடத்திலேயே விட்டு, படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டால் அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற பாதிக் கதை போய்விடும். 2010-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே இப்படிக் காட்டிக்கொடுத்ததுதான் ஹாப்லோஃபோனியஸ் மண்டையோடு. வாள்பல் பூனை என்று செய்தியில் போட்டார்கள். உண்மையில் அது பூனைக் குடும்பமே இல்லை. பூனை போலவே ஆகிவிட்ட வேறொரு கூட்டம்.

மகள் கையில் ஃபோனோடு பென் ரைஃபல் மையத்துக்கு ஓடினாள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் லகோட்டாக்காரரின் பெயர் வைத்த கட்டடம். காவலர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, இது கால்செடனி என்றார். வெடிப்புக்குள் படிந்து இறுகிய கல். பல் என்று நினைத்தது கல்லாகிவிட்டது. மகளுக்கு முகம் சுருங்கியது. "ஒரு எழுத்துதான் வித்தியாசம், விடு" என்றார் தாத்தா.

கோடைக்காலத்தில் அந்த மையத்திலேயே எலும்பு சுத்தம் செய்யும் கூடம் திறந்திருக்கும். மணல் பை மேல் ஒரு தாடை, அதன் மேல் உருப்பெருக்கி. காற்றழுத்தத்தில் அதிரும் சின்ன ஊசியால் ஒரு பெண் மண்ணைப் பொடிப்பொடியாக எடுத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் நாற்காலிச் சத்தம். ஓரியோடான்ட் தாடை என்றார். இந்த மண்ணில் ஏராளமாகக் கிடைப்பது இதுதான், ஆடு அளவு. 19-ம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இவற்றை விவரித்த ஜோசப் லைடி இவற்றுக்கு வைத்த செல்லப்பெயர் 'அசைபோடும் பன்றி'. மகள் மொழிபெயர்த்ததும் அப்பா சிரித்தார். "அசைபோட்டா அது எப்படிப் பன்றி?"

ஹைரகோடான் இருக்குமா என்று கேட்டேன். தட்டில் வைத்த மேல்தாடைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இவர் சம்பளம் வாங்கிக்கொண்டு 34 வருஷம் பல்லைப் பிடித்துப் பார்த்தவர். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயசைச் சொல்லிவிடுவார்.

"கடைசிக் கடவாய்ப்பல் இன்னும் முழுசா எறங்கல. முன்னாடி இருக்கறது பால்பல்லு. சின்னக் குட்டி, கேளு."

மகள் கேட்டாள். அந்தப் பெண் உருப்பெருக்கியிலிருந்து தலையை எடுத்து அப்பாவைப் பார்த்தார். ஆமாம், வளராத குட்டிதான், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். "மாட்டு டாக்டரா?" என்ற கேள்விக்கு "டாக்டர் இல்ல, ஆய்வாளர்" என்று திருத்தச் சொன்னார் அப்பா. ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்தத் திருத்தத்தை விடவில்லை.

பிறகு அந்தப் பெண் ஒரு தீக்குச்சி நுனியால் காட்டினார். மேல் கடவாய்ப்பல்லின் மெல்லும் பரப்பில் ஓர் எனாமல் மேடு வெளி ஓரமாக நீளப் போகிறது. அதிலிருந்து இரண்டு மேடுகள் உள்பக்கமாக இறங்குகின்றன. நிலைக்கதவுச் சட்டம் மாதிரி, மேலே ஓர் உத்தரம், கீழே இரண்டு கால். இந்த அமைப்பு காண்டாமிருகக் கூட்டத்தின் கையெழுத்து. இன்றைக்கு அஸ்ஸாமில் நிற்கும் காண்டாமிருகத்தின் வாயிலும் இதன் சாயல்தான். கொம்பு அடையாளமே இல்லை. அது எலும்பு கூடக் கிடையாது, நகமும் முடியும் ஆன அதே கெரட்டின். மண்ணுக்குள் பெரும்பாலும் மட்கிப்போகும். கொம்பு இருந்ததற்குச் சாட்சி மூக்கெலும்பில் அது உட்கார்ந்த சொரசொரப்பு. ஹைரகோடானின் மூக்கெலும்பு மொழுமொழுவென்று இருக்கிறது.

அப்பா ரொம்ப நேரம் அந்த நிலைக்கதவையே பார்த்தார். வெளியே வந்ததும் மகள், "இப்ப ஒத்துக்கறீங்களா தாத்தா?"

"பல்லு காண்டாமிருகம். காலு கழுதை."

சொன்னால் நம்பமாட்டீர்கள், இது ஏறக்குறைய சரியான பதில். குதிரை, கழுதை, டாப்பிர், காண்டாமிருகம் எல்லாம் ஒரே வரிசை, ஒற்றைப்படைக் குளம்புக் கூட்டம். ஹைரகோடானுக்குக் காலுக்கு மூன்று விரல். அதே மண்ணில் அதே காலத்தில் மேய்ந்த குட்டிக் குதிரை மீசோஹிப்பஸுக்கும் மூன்று விரல். நீளம் சுமார் ஒன்றரை மீட்டர் வரும் இந்த ஹைரகோடானின் பக்கத்தில் அதை நிறுத்தி, தலையை மூடிவிட்டுக் கேட்டால் நானும் தப்பாகத்தான் சொல்வேன்.

நாள் 3: கொனாட்டா, ராபிட் சிட்டி

இன்றைக்கு நான் பார்க்க வந்த இடம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

கொனாட்டா, பூங்காவுக்குள் மேசை நாற்காலி போட்டு, கொண்டுபோனதைச் சாப்பிட விட்டிருக்கும் சின்ன இடம். 1993 ஜூனில் இதற்குப் பக்கத்தில் அயோவாவிலிருந்து வந்த இரண்டு பயணிகள் மண்ணில் பெரிய முதுகெலும்பு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் காவலர்களிடம் சொன்னார்கள். வந்து பார்த்தவர்கள் ஆர்க்கியோதீரியம் என்று முடிவுகட்டினார்கள். பெரிய பன்றி மாதிரி மிருகம். அதனால் தோண்டும் இடத்துக்குப் 'பெரும் பன்றிக் குழி' என்று பெயர் விழுந்தது. நாலு நாள் வேலை என்று திட்டம்.

நாலு நாள் பதினைந்து கோடைக்காலமாக நீண்டது. 2008-ல்தான் மூடினார்கள். 19,000-க்கும் மேல் எலும்புத் துண்டுகள். அந்த முதல் முதுகெலும்பைச் சுத்தம் செய்து பார்த்தபோது அது பன்றியும் இல்லை. சப்ஹைரகோடான், ஹைரகோடானின் பெரிய சொந்தக்காரன், கொம்பில்லாத காண்டாமிருகம். அதற்குள் பெயர் ஒட்டிவிட்டது. பலகையில், செய்தியில், பேச்சில் எல்லாம் பன்றிக் குழி. யாரும் மாற்றவில்லை, மாற்றவும் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பான பெயர்தான் கதையை ஞாபகம் வைத்திருக்கிறது.

ஆர்க்கியோதீரியமும் பிறகு அங்கே கிடைத்தது. ஆனால் அதையும் இப்போது பன்றிக் குடும்பத்தில் வைப்பதில்லை. நீர்யானைக்கும் திமிங்கலத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார்கள். ஆக, பன்றிக் குழியில் பன்றியே இல்லை.

சுமார் 3 கோடியே 30 லட்சம் வருஷத்துக்கு முன்னால் இது ஒரு நீர்க்குட்டை. வறட்சியில் தண்ணீர் வற்ற வற்றச் சுற்றிலும் சேறு. குடிக்க வந்தவை சிக்கிக்கொண்டன. சப்ஹைரகோடான், மீசோஹிப்பஸ், முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான் மாதிரி லெப்டோமெரிக்ஸ், ஆமைகள். அப்பாவுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எண்பத்தி மூணுல இப்படித்தான் ஒரு குளத்துல" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். எருமையின் கால் சேற்றில் புதைந்தால் பின்பக்கமிருந்து இழுக்கக்கூடாது, இடுப்பு கழன்றுவிடும் என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

குழி மூடிக் கிடக்கிறது. புல்லும் வெட்டுக்கிளிகளும்தான். தயிர்சாதம் சாப்பிட்டோம்.

மதியம் ராபிட் சிட்டி, ஒரு மணி நேர ஓட்டம். சுரங்கத் தொழில்நுட்பக் கல்லூரியின் நிலவியல் அருங்காட்சியகம். நுழைவு இலவசம். பன்றிக் குழியில் தோண்டியது இந்தக் கல்லூரியின் பிள்ளைகள்தான். இந்த மண்ணின் காண்டாமிருகச் சொந்தங்கள் மூன்று குடும்பம். ஓடும் ஹைரகோடான் ஒன்று. குட்டைக் காலும் பெரிய கோரைப்பல்லுமாக, நீர்யானை போல உருண்ட மெட்டாமைனோடான் ஒன்று. அதன் எலும்பு பழைய ஆற்று மணலில்தான் அதிகம் கிடைக்கிறது. மூன்றாவது சப்ஹைரகோடானின் குடும்பம், அசல் காண்டாமிருகங்கள். முதல் இரண்டும் அடியோடு அற்றுப்போயின. வட அமெரிக்காவில் மூன்றாவதும் சுமார் 50 லட்சம் வருஷத்துக்கு முன்பு தீர்ந்துபோனது. இன்று உலகில் மிச்சமிருக்கும் ஐந்து இனங்களும் அந்த மூன்றாவது குடும்பம்தான்.

ஹைரகோடானின் பெயர்க் கதையும் இதே ரகம். லைடி 1850-ல் இதை நெப்ராஸ்காவின் காண்டாமிருகம் என்று விவரித்தார். அப்போது இந்தப் பக்கமெல்லாம் நெப்ராஸ்கா. இப்போது நிறைய எலும்பு கிடைப்பது தெற்கு டகோடாவில், பெயரில் மட்டும் பக்கத்து மாநிலம். 1856-ல் தனிப் பேரினமாக்கி ஹைரகோடான் என்றார். பொருள் 'ஹைராக்ஸ் பல்'. ஹைராக்ஸ் என்பது ஆப்பிரிக்கப் பாறைகளில் வாழும், முயல் அளவு மிருகம். அதற்கு நெருங்கிய சொந்தம் யானை! காண்டாமிருகத்துக்கு, யானையின் உறவினனுடைய பல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள், எங்கள் அப்பா அதைக் கழுதை என்கிறார். இதற்குப் பிறகு அப்பாவை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆசியாவில் வாழ்ந்த ராட்சதன் பாராசெரதீரியத்தையும் நெடுங்காலம் இந்த ஹைரகோடான் குடும்பத்தில்தான் சேர்த்திருந்தார்கள். பலுசிஸ்தானின் டேரா புக்டியில் அதன் எலும்புகள் கிடைத்தன. தோள்பட்டையே ஐந்து மீட்டரை நெருங்கும். இப்போது அதற்குத் தனிக் குடும்பம்.

அப்பா இந்த இடத்தில் எங்களோடு இல்லை. தேடிப்போனால் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கிறார். ஓரியோடான்ட் எலும்புக்கூடு, தாய். வயிற்றுக்குள் இரண்டு குட்டிகளின் எலும்பு. லைடியின் 'அசைபோடும் பன்றி'யேதான். நேற்று அந்தப் பெயருக்குச் சிரித்தவர் இன்று சிரிக்கவில்லை.

"ரெட்டை. மாசம் ஆயிருச்சு. இன்னும் கொஞ்ச நாளுதான்."

நாங்கள் மீதி அறையெல்லாம் சுற்றிவிட்டு வந்தோம். அப்போதும் அங்கேதான் நின்றார். மூடப்போகிறார்கள் என்று நான் கையைப் பிடித்த பிறகே நகர்ந்தார்.

நாள் 4: மழை

ராத்திரி முழுக்க மழை. காலையில் மஞ்சள் மேடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பலாம் என்று திட்டம். கடல் வற்றிய பிறகு அதன் கறுப்புச் சேறு காட்டு மண்ணாக மாறியதில் வந்த மஞ்சள் இது. ஈரத்தில் நிறம் இன்னும் ஏறி, மஞ்சள் அரைத்த அம்மி மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷம்தான் நின்றோம். இந்தக் களிமண் நனைந்தால் செருப்பில் ஒட்டி ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடுகிறது. குட்டையில் சிக்கியவை எப்படிச் சிக்கின என்று மகளுக்குத் தன் ஷூவிலேயே தெரிந்தது.

பூங்காவின் தெற்குப் பகுதிக்குப் போகவில்லை, இந்த மழையில் மண்சாலை ஆகாது. அது பைன் ரிட்ஜ் பூர்வகுடி ஒதுக்கீட்டுப் பகுதியில், ஓக்லாலா லகோட்டா மக்களின் நிலம். 1942-ல் அரசாங்கம் அங்கே 341,726 ஏக்கரை விமானப்படைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 125 குடும்பங்களை வெளியேற்றினார்கள். குண்டு எறிந்து பழகப் பழைய கார்களையும் மஞ்சள் பூசிய பீப்பாய்களையும் வைத்தார்கள். வெளியே தெரிந்த ப்ரான்டோதீர் எலும்புகளையும் குறி வைத்தார்கள். மேலிருந்து பார்க்க வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தனவாம். லகோட்டா மக்கள் அந்தப் பெரிய எலும்புகளை இடி மிருகத்தினுடையவை என்று சொல்லிவந்தார்கள். கிரேக்கத்தில் அதையே பெயராக்கி 1873-ல் சூட்டினார் யேல் பேராசிரியர் மார்ஷ். பெயரை எடுத்துக்கொண்டவர்கள், நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் என்று பிரித்துப் பார்க்க எனக்கு முடியவில்லை. அப்பா கேட்டது ஒன்றுதான். "அந்த 125 குடும்பத்தோட மாடெல்லாம் எங்க போச்சு?"

மிச்செல் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். மகள் ஷூவைக் கழற்றிக் காய்ந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக்கூடாதே, இது கணக்கில் வருமா என்று கேட்டாள். வராது என்றேன். நம்பவில்லை. டிஷ்யூ காகிதத்தில் மண்ணைக் கட்டிக் காருக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த கோடையில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாளாம்.

"பல்லு கில்லு இருக்கான்னு பாத்துட்டுக் கட்டு கண்ணு" என்றார் அப்பா, முன் சீட்டிலிருந்து. மகள் மறுபடி பிரித்தாள்.